சாமி பிரசாதம் சாப்பாடா?

"பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட வந்த மிஸ்ஸியப் பாத்துட்டு, வீட்டுக்கு ஓடியாந்து இஸ்திரி மேசைக்கு அடியில ஒளிஞ்சவதானே இவ? இவ போயி அடுத்தவனுக்கு மயக்க மருந்து குடுக்கப் போறாளாம்! மொதல்ல இவ மயங்கி விழாம நிக்கட்டும், அப்புறம் பாப்போம்."

இதைச் சொன்னவர் என் அத்தை. அப்பாவுக்கு மூத்தவர். அப்பாவிடம்தான் சொன்னார், ஆனால் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். நான் அப்போது நாலாம் வருஷ மருத்துவ மாணவி. மறுநாள் மயக்க மருந்துப் பிரிவில் பயிற்சி தொடங்குகிறது. எனக்கு வந்த கோபத்தில் அத்தைக்குத்தான் முதலில் மருந்து கொடுத்திருக்க வேண்டும். படித்தவள் என்பதால் பொறுத்துக்கொண்டேன். (படித்தவள் என்பதை அப்போதெல்லாம் நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது நினைத்துக்கொள்வேன். பல் விளக்கும்போதுகூட.)

நினைக்காமல் எப்படி இருப்பது? எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குச் சலவைக் கடை. அம்மாவுக்குக் கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல். அத்தைக்கு அதுவும் கிடையாது, வாய்தான். இந்த மூன்று பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி, தடித்தடியான ஆங்கிலப் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு, அட்டையிலுள்ள பெயர் வெளியே தெரியும்படி தெருவில் நடந்து போவேன்.

என் வெள்ளைக் கோட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் அதற்கு ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கஞ்சி போடுவது அப்பா. ஊரிலுள்ள துணிக்கெல்லாம் ஒரு கஞ்சி, மகள் கோட்டுக்கு மட்டும் தனிக் கஞ்சி. அவருடைய பாசம் முழுவதும் அதில் கரைந்திருந்தது. அந்தக் கோட்டு நடக்கும்போது சத்தம் போடும். குனிந்தால் முனகும். கழற்றித் தரையில் வைத்தால் அப்படியே நிற்கும். நான் ஒரு அறைக்குள் நுழைகிறேன் என்றால் முதலில் கோட்டு நுழையும், ஒரு நொடி கழித்துத்தான் நான்.

மயக்க மருந்துப் பிரிவின் தலைவி டாக்டர் மிஸ் ராசநாயகம். யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான உருவம், கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. கோபம் வராதவரை ஆங்கிலம் பேசுவார், வந்தால் யாழ்ப்பாணத் தமிழ். அவரிடம் தமிழ் கேட்ட மாணவர்கள் பலர் பிறகு வேறு பிரிவுகளில் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்வார்கள்.

அவர் வைத்த சட்டம் எளிமையானது. ஒவ்வொரு மாணவரும் பத்து நோயாளிகளுக்கு அவர் கண் முன்னால் ஈதர் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து. பத்துக் கையெழுத்தும் விழுந்தால் தேறினோம். ஒன்று குறைந்தாலும் முழுப் பயிற்சியையும் மறுபடி எடுக்க வேண்டும், இறுதித் தேர்வு அரை வருஷம் தள்ளிப்போகும். அரை வருஷம் தள்ளிப்போனால் அத்தைக்கு அரை வருஷத்துக்குப் பேச விஷயம் கிடைக்கும். எது பெரிய ஆபத்து என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஒன்பது கையெழுத்து வாங்கிவிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரிதான் நான். அன்றைக்கு ஈதர் கொடுப்பது என்பது கைவேலை. மூக்கையும் வாயையும் மூடுகிற ஒரு கம்பிக் கூடு, அதன் மேல் மெல்லிய துணி, அந்தத் துணியில் பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக ஈதர். அவசரப்பட்டால் நோயாளி மூச்சை அடக்கிக்கொண்டு திமிறுவார், தயங்கினால் பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து வீட்டு முகவரி கேட்பார். எனக்கு அந்தச் சொட்டு கைவந்துவிட்டது. அதைவிடப் பெரிய பெருமை, தமிழ் நோயாளிகளிடம் நானே பேசுவேன். என்னோடு படித்தவர்கள் வார்டு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து, கைகால் ஆட்டி, "மாக்கான்? நோ மாக்கான்!" என்று, சாப்பிட்டாரா இல்லையா என்பதை மலாயில் பாதி சைகையில் பாதி கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் பக்கத்துக் கட்டிலில் கம்பீரமாக நின்று தமிழில் கேட்டுவிட்டு, அவர்களை ஒரு பார்வை பார்ப்பேன். (அந்தப் பார்வையை இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.)

பத்தாவது ஆள் கறுப்பையா அண்ணன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், ஐம்பது வயது, பாறை மாதிரி உடம்பு. மூட்டை தூக்கித் தூக்கிக் குடல் இறங்கிவிட்டது. மறுநாள் காலை அறுவை. முதல் நாள் மாலை நான் வார்டுக்குப் போய், மேல்பல் இரண்டு இல்லாததையும் நாடித்துடிப்பையும் குறித்துக்கொண்டு, மணிப்பிரவாளம் இல்லாத சுத்தத் தமிழில் அவருக்கு விளக்கினேன்.

"அண்ணே, ராத்திரிக்கு மேல எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணிகூட."

"சரி தாயி."

"வயித்துல ஏதாச்சும் இருந்தா மயக்கத்துல வாந்தியா வந்து நுரையீரலுக்குள்ள போயிரும். உசுருக்கே ஆபத்து."

"நீங்க சொன்னா அப்பீல் ஏது தாயி."

அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் வீட்டிலிருந்து எனக்கு ஒரு கட்டளை இருந்தது. பத்தாவது ஆள், கடைசி ஆள் என்று நான் பீற்றிக்கொண்டதில் அம்மாவுக்குப் பதற்றம் ஏறிவிட்டது. "அந்த ஆளு பேரு, நட்சத்திரம் கேட்டுட்டு வா. காலையில ஒரு அர்ச்சனை போட்டுர்றேன். நீ ஒழுங்காக் குடுத்தா மட்டும் போதுமா, அவரு ஒழுங்கா எந்திரிக்கணும்ல?" என்று சொல்லியிருந்தார். அதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. கேட்டேன்.

"உத்திரம், தாயி."

கையிலிருந்தது மயக்க மருந்துச் சீட்டு. வேறு தாள் இல்லை. வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடுமே என்று அதிலேயே, இரத்த அழுத்தத்துக்கும் பல்லுக்கும் கீழே, ஆங்கில எழுத்தில் "உத்திரம்" என்று எழுதி வைத்தேன்.

வீட்டில் அம்மா கேட்டார்: "எந்த வார்டு? எந்தப் பக்கம்?"

"பன்னெண்டாம் வார்டு, ஜன்னல் ஓரத்துக் கட்டில். எதுக்கும்மா?"

"சும்மாத்தான். சாமிகிட்ட விலாசம் சொல்ல வேணாமா?"

அதையும் நம்பினேன். நாலு வருஷம் மருத்துவம் படித்த மூளை!

மறுநாள் காலை ஏழு மணிக்கு வார்டுக்குப் போனேன். கறுப்பையா அண்ணன் நெற்றி நிறைய விபூதியோடு, இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, பெருமாள் மாதிரி பள்ளிகொண்டிருந்தார். கட்டில் தலைமாட்டில் 'வாய்வழி ஒன்றும் தரக் கூடாது' என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டை தொங்கும். அன்று அந்த அட்டையில் ஒரு முழம் மல்லிகைப்பூ தொங்கியது. அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அறுவைக்குப் போகிற மனிதருக்கு இவ்வளவு அமைதியா? நேற்று நான் பேசிய பேச்சுத்தான் வேலை செய்திருக்கிறது என்று எனக்குப் புல்லரித்துவிட்டது.

"அண்ணே, ராத்திரிக்கப்புறம் சாப்பிட்டீங்களா?"

"சே சே. சாப்பிடல தாயி."

"தண்ணி?"

"ஒரு சொட்டு இல்ல."

மூக்கில் ஏதோ நெய் வாசனை அடித்த மாதிரி இருந்தது. அடுத்த கட்டிலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். 'உணவு: இல்லை' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டேன். அந்தக் கோட்டை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அறுவை அறை. மேசை மேல் கறுப்பையா அண்ணன். கால்மாட்டில் சீனத்துச் சர்ஜன், கையுறை மாட்டிக்கொண்டு, நேரமாகிறது என்று தாளம் போட்டபடி. தலைமாட்டில் நான். என் பக்கத்தில் மிஸ் ராசநாயகம், கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் சீட்டைச் சத்தமாகப் படித்தார்.

"நாடி எழுபத்தாறு. மேல்பல் இரண்டு இல்லை. உணவு இல்லை. நல்லது, கோடெல்லாம் போட்டிருக்கிறாய். உத்திரம்..." நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இது எந்த இரத்தப் பரிசோதனை, மிஸ் கமலா?"

சர்ஜன் ஒரு அடி பின்வாங்கினார். "என்ன அது? ஒட்டிக்கொள்ளும் நோயா?"

"ஒட்டாது," என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு. "நட்சத்திரம்."

பிறகு மிஸ் ராசநாயகம் பேனாவை எடுத்து அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "தொடங்கு," என்றார். அதோடு என் அவமானம் முடிந்தது என்று நினைத்தேன். அது வெறும் மங்கள இசைதான், கல்யாணமே இனிமேல்தான் என்று எனக்குத் தெரியாது.

கம்பிக் கூட்டை முகத்தில் வைத்தேன். "அண்ணே, ஒண்ணு ரெண்டு எண்ணுங்க."

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

சொட்டு, சொட்டு, சொட்டு. என் கை அன்றைக்கு வீணை வாசித்தது. பன்னிரண்டில் குரல் குழைந்தது. பதினைந்தில் எண்ணிக்கை நின்று, துறைமுகம் தொடங்கியது. "இழுடா! ஏய், இழுத்துப் புடிடா!" என்று கத்திக்கொண்டு கையை வீசினார். ஈதரில் ஆழ்ந்த தூக்கம் வருவதற்கு முன் இப்படி ஒரு கலாட்டா நடப்பது வழக்கம்தான். வீசிய கை என் மார்பில் பட்டது. கோட்டில் பட்டு, தகரத்தைத் தட்டின மாதிரி 'டங்' என்று கேட்டது. எனக்கு வலிக்கவே இல்லை. சர்ஜன்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து அவர் தொண்டையில் ஒரு சத்தம். அடைத்துக்கொண்ட சாக்கடையில் தண்ணீர் இறங்குமே, அந்தச் சத்தம். அது மேலே ஏறியது.

புத்தகத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். பக்கமும் தெரியும், பக்கத்தின் இடது மேல் மூலையில் படம் இருப்பதும் தெரியும். கைதான் அசையவில்லை.

"தலையைப் பதி! பக்கத்தாலை திருப்பு பிள்ளை, திருப்பு!"

மிஸ் ராசநாயகத்திடமிருந்து தமிழ் வந்துவிட்டது. அந்த ஒல்லிக் கைகள் ஒரே மூச்சில் கூட்டை வீசி எறிந்தன, மேசையின் தலைப்பக்கத்தைச் சரித்தன, பாறை போன்ற அந்த மனிதரை ஒருக்களித்துப் புரட்டின, உறிஞ்சு குழாயை வாய்க்குள் விட்டன. அவர் அத்தனையும் செய்து முடிப்பதற்குள் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஈதர் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தபடி நின்றேன். அது முழுக்க என் கோட்டின் மேலேயே கொட்டியது.

கறுப்பையா அண்ணன் நன்றாக இருமினார், மூச்சு விட்டார், உதடு சிவப்பாக இருந்தது. ஆபத்து ஒன்றுமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், வாசகர்கள் பதற வேண்டாம். அவர் இன்றைக்கும் மூட்டை தூக்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

மிஸ் ராசநாயகம் ஒரு இடுக்கியால் தட்டிலிருந்து எதையோ எடுத்து விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"மிஸ் கமலா. இது என்ன?"

அரை முந்திரிப் பருப்பு. பொன்னிறமாக வறுத்தது.

அப்போதுதான் ஈதரையும் மீறி அந்த வாசனை என் மூக்கில் ஏறியது. நெய், ஏலக்காய், வெல்லம், கூடவே துளிப் பச்சைக் கற்பூரம். பச்சைக் கற்பூரம் போட்டுச் சர்க்கரைப் பொங்கல் செய்கிற ஆள் நான் அறிந்து சிங்கப்பூரில் ஒருவர்தான். முந்திரியைச் சரியாக இரண்டாகப் பிளந்து வறுக்கிறவரும் அவர்தான். அந்தப் பருப்பை நான் பிறந்ததிலிருந்து தின்று வளர்ந்திருக்கிறேன்.

தலை சுற்றியது. பாதிக்குக் காரணம் அந்தப் பருப்பு, மீதிக்குக் காரணம் கோட்டில் ஊறிய ஈதர். நான் அப்போது மயங்கினேனா இல்லையா என்பது எங்கள் வீட்டில் இன்றுவரை தீராத வழக்கு. முழங்கால் மடங்கியது எனக்கு நினைவிருக்கிறது. கண் இருட்டியதும் நினைவிருக்கிறது. ஆனால் விழவில்லை. சுவரில் சாய்ந்த கோட்டு என்னை உள்ளே வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. கண்ணைத் திறந்தபோது நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் என் முகத்தருகே விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். அப்பாவின் கஞ்சி அத்தையின் வாக்கைப் பொய்யாக்கிவிட்டது. "மயங்கி விழாம நிக்கட்டும்" என்றார் அல்லவா? நின்றேன்.

அறுவை ரத்து. சர்ஜன் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார். கதவைத் திறந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். வெளியே நடைவழி பெஞ்சில், பக்கத்தில் சலவை மூட்டை, மடியில் தூக்குச்சட்டியோடு என் அம்மா உட்கார்ந்திருந்தார்.

சர்ஜனைப் பார்த்ததும் எழுந்து, வாழையிலைத் துண்டில் பொங்கலை வைத்து நீட்டினார். "எடுத்துக்குங்க டாக்டரையா. அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? எம் பொண்ணு கைராசி!"

பின்னால் வந்த மிஸ் ராசநாயகம் அம்மாவைப் பார்த்தார். தூக்குச்சட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கோட்டுக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கினேன்.

"அம்மா, நீங்கள் ஆர்?"

"நான் கமலாவோட அம்மாங்க. உங்கள மாதிரி டாக்டருங்க கோட்டெல்லாம் எங்க கடையிலதான் வெளுக்குது."

"காலமை பேஷண்டுக்கு நீங்கள் சாப்பாடு குடுத்தனீங்களோ?"

அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "சாப்பாடா! நான் எதுக்குங்க சாப்பாடு குடுக்குறேன்? சாப்பிடக் கூடாதுன்னு எம் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கா. பிரசாதம் குடுத்தேன்."

"பிரசாதம்."

"ஆமாங்க. கோயில் தொறந்ததும் மொத அர்ச்சனை அவரு பேருக்கு. குருக்கள்கூடக் கேட்டாரு, யாரும்மா இந்தக் கறுப்பையா, உங்க சொந்தமான்னு. இல்லங்க சாமி, எம் பொண்ணு மயக்கம் குடுக்கப் போற ஆளுன்னேன். வீட்ல செஞ்சு கொண்டுபோயி சாமிக்குப் படைச்சு, சூடு ஆறாம ஓடியாந்தேன். கேட்டுல சலவை மூட்டையப் பாத்து உள்ள விட்டுட்டாங்க."

"எவ்வளவு குடுத்தனீங்கள்?"

"கொஞ்சூண்டுதான். நாலு கரண்டி. அப்புறம் அவரே கேட்டாரு, இன்னொரு ரெண்டு."

"ஆறு கரண்டி! அம்மா, அது சாப்பாடு எல்லோ?"

அம்மா நிமிர்ந்தார். அவ்வளவு பெரிய டாக்டரை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டார்:

"சாமி பிரசாதம் சாப்பாடா?"

மிஸ் ராசநாயகம் என் பக்கம் திரும்பினார். "நீர் ஏன் இதைக் கேக்கேல்லை, பிள்ளை?"

"சாப்பிட்டீங்களான்னு கேட்டேன் டாக்டர். இல்லன்னார்."

"அவர் பொய் சொல்லேல்லை. அவருக்கு அது சாப்பாடில்லை. உம்மட அம்மாவுக்கும் அது சாப்பாடில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. தெரிஞ்ச ஆள் நீர் ஒருத்திதான். நீரும் கேக்கேல்லை எண்டால், உம்மட தமிழாலை இந்த ஆஸ்பத்திரிக்கு என்ன பிரயோசனம்?"

என் வாழ்க்கையில் வாங்கிய அடிகளில் சரியான இடத்தில் விழுந்தது அதுதான். வீட்டில் எந்த விசேஷத்திலும், வெறும் வயிறாக இருக்க வேண்டிய எந்த நாளிலும், பிரசாதத்தை யாரும் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரியாததா? தெரிந்ததையெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு, புத்தகத்தை மட்டும் உள்ளே கொண்டுபோயிருந்தேன்.

கையெழுத்து விழவில்லை. "அடுத்த கிழமை இதே பேஷண்ட். அவர் சம்மதிச்சால். இல்லையெண்டால் திரும்பவும் முழுக்கச் செய்ய வேண்டியதுதான்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சம்மதித்தால்! மயக்க மருந்து கொடுத்து, வாந்தி எடுக்க வைத்து, அறுவை செய்யாமலே திருப்பி அனுப்பியவளிடம் யார் மறுபடி மூக்கைக் கொடுப்பார்கள்? மாலையில் அவர் கட்டிலருகே போய்த் தலை குனிந்து நின்றேன். "அண்ணே, தப்பு என்னோடது. நான் கேக்கலை. அடுத்த வாரம் வேற டாக்டரு குடுக்கணும்னாலும் சொல்லுங்க."

கறுப்பையா அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார். "வேற டாக்டருன்னா, அவுக அம்மா பொங்கல் கொண்டாருவாகளா?"

"கொண்டுவர மாட்டாங்க."

"அப்ப நீங்களே குடுங்க தாயி. பொங்கலை மட்டும் எந்திரிச்சப்புறம் குடுக்கச் சொல்லுங்க."

அடுத்த வாரம் நான் செய்த காவலைத் துறைமுகத்தில்கூடச் செய்திருக்க மாட்டார்கள். விடிந்ததும் விடியாததுமாக அவர் கட்டிலருகே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். டீ கொண்டுவந்த வார்டு ஆளை விரட்டினேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி "ஒரே ஒரு வாழைப்பழந்தான், விரதத்துப் பழம்" என்று வந்தார். அவரையும் விரட்டினேன். மூட்டை தூக்கும் சகா ஒருவர் தீர்த்தம் கொண்டுவந்தார். தீர்த்தம் தண்ணீரா என்று நான் விவாதத்தில் இறங்கவில்லை. தட்டிப் பறித்து ஜன்னல் மேல் வைத்தேன். விபூதியை நெற்றியில் மட்டும் அனுமதித்தேன், வாயில் போட்டுக்கொள்ள விடவில்லை.

அம்மா ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தார். எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்தில்தான் நிற்க வேண்டும். அவரைக் காவல் காக்க அத்தை. மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரு குடைக்குக் கீழே, நடுவில் தூக்குச்சட்டி. போகிற பஸ்ஸெல்லாம் இவர்களுக்காக நின்று, ஏறவில்லை என்று தெரிந்து திட்டிக்கொண்டு போயின.

கம்பிக் கூடு. துணி. சொட்டு.

"ஒண்ணு... ரெண்டு..."

பதினேழில் கறுப்பையா அண்ணன் துறைமுகத்துக்குப் போனார், "இழுடா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார், பிறகு ஒரு குறட்டை விட்டார். மரம் அறுக்கிற வாள் மாதிரி நீண்ட, சீரான, அழகான குறட்டை. அதற்குப் பிறகு எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன், அந்தச் சுகம் வரவில்லை. மிஸ் ராசநாயகம் என் தோளுக்குப் பின்னால் முக்கால் மணி நேரமும் நின்றார். ஒரு தடவைகூடக் கை நீட்டவில்லை.

கண் விழித்ததும் கறுப்பையா அண்ணன் கேட்டார்: "இன்னும் ஆரம்பிக்கலையா தாயி?"

"முடிஞ்சிருச்சுண்ணே!" என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கோட்டு அணிந்த கையால் கண்ணைத் துடைக்கப் போய், கஞ்சி கண்ணைக் கீறிவிட்டது.

மிஸ் ராசநாயகம் என் பதிவேட்டில் பத்தாவது கையெழுத்தைப் போட்டார். அதற்குப் பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. மற்ற ஒன்பதிலும் 'திருப்தி' என்று மட்டும் இருக்கும். இதில், 'மிகத் திருப்தி. தாயாரைத் தூரத்தில் வைக்கவும்' என்று எழுதினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அவ இண்டைக்கும் வந்தவவோ?"

"பஸ் ஸ்டாப்புல நிக்கிறாங்க டாக்டர்."

"பொங்கலோடையோ?"

தலையாட்டினேன். சாலையைக் கடந்து போய் அவருக்கும் ஒரு வாழையிலைத் துண்டில் கொண்டுவந்தேன். முந்திரியை முதலில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார்.

பதிவேடு திரும்பி வந்ததும் அந்தப் பக்கத்தை அப்பா தனியே எடுத்து, சுருக்கம் போக இஸ்திரி போட்டுச் சட்டம் போட்டு மாட்டினார். குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டுக்கு நாங்கள் மாறி வந்த பிறகும் அது சாமி படங்களுக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அதைப் படித்துக் காட்டச் சொல்வார். 'தாயாரைத் தூரத்தில்' என்ற இடம் வந்தால் அம்மா சமையலறைக்குப் போய்விடுவார். அப்பாவுக்கு இப்போது சர்க்கரை வியாதி. இனிப்பைக் கண்டிப்பாகத் தொடக் கூடாது. அவர் ஜிலேபியை வாங்கி வந்து முதலில் சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் வைப்பார். பிறகு தின்றுகொண்டே என்னைப் பார்த்துக் கேட்பார்: "சாமி பிரசாதம் சாப்பாடா?"

போன மாதம் மயக்க மருந்துப் பிரிவில் வேலைக்கு நேர்முகம். எதிரே மூன்று பேர். அம்மா மூன்று பேருடைய நட்சத்திரமும் கேட்டார், தெரியாது என்றேன். "சரி, சாமி பேருக்கே போட்டுர்றேன்" என்று கோயிலுக்குக் கிளம்பினார். நடுவில் உட்கார்ந்திருந்தவர் மிஸ் ராசநாயகம். மற்ற இருவரும் அரை மணி நேரம் என்னைக் குடைந்தார்கள். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அதுவும் தமிழில்: "அம்மா வெளியிலை நிக்கிறாவோ?"

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டேன். பஸ் நிறுத்தம் வரை வந்த அத்தை, "விழுந்துறாம நில்லுடி" என்று மட்டும் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது ஆசீர்வாதம்.

இன்று காலை பட்டியலில் முதல் ஆள் ஒரு வாட்ச்மேன். கட்டிலருகே நின்று என் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா."

"தண்ணி, டீ?"

"இல்லம்மா."

"பிரசாதம், தீர்த்தம், விரதப் பழம், யாராச்சும் கும்பிட்டுட்டுக் கையில குடுத்தது?"

அவர் முகம் மலர்ந்தது. "அது எப்படிம்மா கரெக்டா கேக்குறீங்க! கோயில்ல குடுத்த சுண்டல், இப்பத்தான் எம் பொண்டாட்டி..."

அட்டையைத் திருப்பி அவரைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளினேன். கோட்டு முனகியது. அடுத்த கட்டிலுக்கு நடந்தேன்.